எந்தக் குழாயில் பிடித்த நீர்? நகரக் குடிநீரின் தரத்தை மதிப்பிடுவது பற்றி

"ஏன்டா தம்பி, இந்தப் பைப்புத் தண்ணிய அப்படியே குடிக்கலாமா, இல்ல காய்ச்சித்தான் குடிக்கணுமா? கேஸ் தோம்பு விக்கிற விலையில..."

2006ஆம் ஆண்டில் என் பெரியம்மா கேட்ட கேள்வி இது. அப்போது அவர் கோலாலம்பூரில், 17 மாடிகள் கொண்ட ஒரு மலிவு விலை அடுக்குமாடியின் 14ஆவது மாடியில் குடியிருந்தார். நான் வேதியியல் இறுதியாண்டு மாணவன். நகரக் குடிநீரின் தரம் என்பதே என் ஆய்வேட்டின் பொருள். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்கிறார் என்ற பெருமிதத்தோடு, "ஒரு வாரத்துல சோதிச்சுச் சொல்றேன் பெரியம்மா" என்றேன்.

சொன்னபடியே ஒரு வாரத்தில் பதிலும் தந்தேன். ஆனால் அது தவறான பதில். குடிநீரைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, அந்தத் தவற்றிலிருந்தே தொடங்குவதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

மாதிரி எடுக்கப் போன அன்று அந்தக் கட்டடத்தின் மின்தூக்கி பழுதாகியிருந்தது. போத்தல்களும் பனிக்கட்டிப் பெட்டியுமாக 14 மாடி ஏறச் சோம்பல்பட்டேன். தரைத்தளத்தில், பாதுகாவலர் அறைக்குப் பக்கத்தில், ஒரு குழாய் இருந்தது. ஒரே கட்டடம், ஒரே தண்ணீர் என்று எண்ணி அங்கேயே மூன்று போத்தல்களை நிரப்பிக்கொண்டேன். முடிவுகள் அழகாக வந்தன. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். கலங்கல் மிகக் குறைவு. கோலிஃபார்ம் நுண்ணுயிர் ஒன்றுகூட இல்லை. நான் சோதித்த எதிலும் சுகாதார அமைச்சின் வரம்பை அந்த நீர் மீறவில்லை.

பெரியம்மாவிடம் மட்டுமல்லாமல், அந்த மாடியின் நடைவழியில் நின்றிருந்த நாலைந்து பேரிடமும் "தாராளமாகக் குடிக்கலாம்" என்று அறிவித்தேன். பெரியம்மா "சரிப்பா" என்றார். மறுநாளும் வழக்கம்போல் காய்ச்சியே குடித்தார். எதிர்வீட்டில் எட்டு மாதக் குழந்தையோடு இருந்த ஓர் இளம் தாய் மட்டும் என் பேச்சை நம்பிக் காய்ச்சுவதை நிறுத்திவிட்டார்.

நீர் வரும் வழி

கிள்ளான் பள்ளத்தாக்கின் குடிநீரில் பெரும்பகுதி சிலாங்கூர் ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் படிகாரம் போன்றவற்றைச் சேர்த்து, நீரில் மிதக்கும் நுண்ணிய சேற்றைத் திரளச் செய்கிறார்கள். திரண்டது அடியில் படிகிறது. மிச்சத்தை மணல் வடிகட்டி பிடித்துக்கொள்கிறது. அதன்பின் குளோரின் சேர்க்கப்படுகிறது. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சேற்றுத் துகளுக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிரைக் குளோரின் எளிதில் எட்டாது. ஆகவே கலங்கலை முதலில் போக்காமல் குளோரினை மட்டும் அள்ளிக் கொட்டிப் பயனில்லை.

நிலையத்தை விட்டு வெளியேறிய நீர், மேட்டு நிலங்களில் உள்ள தேக்கத் தொட்டிகளுக்குச் சென்று, பெருங்குழாய், தெருக்குழாய் எனக் கிளை பிரிந்து அடுக்குமாடியின் வாசலில் உள்ள மொத்த மானிக்கு வருகிறது. பொதுவாக விநியோக நிறுவனத்தின் பொறுப்பு அந்த மானியோடு முடிந்துவிடும். அதற்கு அப்பால் உள்ளவை கட்டட நிர்வாகத்தைச் சேர்ந்தவை. நீர் முதலில் கீழ்த்தொட்டியில் விழும். பம்பு அதை மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து வீடுகளுக்கு இறங்கும். நான் போத்தல் நிரப்பிய தரைத்தளக் குழாயோ, இந்த இரு தொட்டிகளுக்கும் முன்பாகவே தெருக்குழாயிலிருந்து நேராகப் பிரிந்த கிளை. நான் சோதித்தது பெரியம்மா வீட்டுத் தண்ணீரே அல்ல.

சுகாதார அமைச்சு 1983ஆம் ஆண்டு முதல் நடத்திவரும் தேசியக் குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம் இந்த வேறுபாட்டை உணர்ந்தே அமைக்கப்பட்டது. ஆற்றில் நீர் எடுக்கும் இடம், சுத்திகரிப்பு நிலையத்தின் வெளிவாய், தேக்கத் தொட்டியின் வெளிவாய், விநியோகக் குழாய்கள் ஆகியவற்றில் தனித்தனியே மாதிரி எடுப்பது அதன் முறை. ஒவ்வொரு கட்டடத்தின் மொட்டை மாடித் தொட்டிக்குள்ளும் அது எட்டிப்பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சிங்கப்பூரில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 12 மாதங்களுக்கு ஒரு முறையேனும் உரிமம் பெற்ற குழாய்ப் பணியாளரைக் கொண்டு கட்டடத் தொட்டியைச் சோதிக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை, நம்மவர்கள் வீடு வாங்கும்போது ஓடு, சுவர், கார் நிறுத்துமிடம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எப்போது என்று கேட்பவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

குளோரின் சொல்லும் செய்தி

குடிநீரின் தரப் பட்டியலில் அளவிட வேண்டியவை ஏராளம். ஈயம், அலுமினியம், பூச்சிக்கொல்லி எச்சங்கள் என்று அது நீளும். ஆனால் ஒரு விநியோக வலையின் நலத்தை ஒரே ஓர் எண்ணைக் கொண்டு கணிக்கச் சொன்னால் நான் எஞ்சிய குளோரினைத்தான் கேட்பேன். நிலையத்தில் சேர்த்த குளோரின் அப்படியே நம் குவளைக்கு வந்து சேர்வதில்லை. வழியில் கரிமப் பொருள், துருப்பிடித்த இரும்பு, குழாய்ச் சுவரில் படிந்த நுண்ணுயிர்ப் படலம் ஆகியவை அதைத் தின்றுகொண்டே இருக்கும். வெப்பம் கூடினால் தேய்வும் கூடும். 30 பாகைச் சூட்டில் வாழும் நமக்கு இது முக்கியம். நீர் எவ்வளவு நேரம் தேங்கி நிற்கிறதோ அவ்வளவுக்குக் குளோரின் குறையும்.

நீர் வீட்டுக்கு வந்து சேரும் இடத்தில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். மலேசிய அளவுகோலிலும் கீழ்வரம்பு அதுவே. 0.2 இருந்தால், வழியில் ஏதேனும் கிருமி புகுந்தாலும் எதிர்க்க ஒரு காவல் மிச்சமிருக்கிறது என்று பொருள். அறவே இல்லை என்றால், அது வழியில் எங்கோ எதனாலோ செலவாகிவிட்டது. எதனால் என்று தேடிப்போவதில்தான் ஆய்வு தொடங்குகிறது. குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் எனக்குண்டு. வாடையே வராத குழாயைக் கண்டால்தான் எனக்குச் சற்றுக் கலக்கம்.

இந்தச் சோதனை மிக எளிது. டி.பி.டி. என்னும் மாத்திரையைப் 10 மில்லிலிட்டர் நீரில் கரைத்தால் குளோரினின் அளவுக்கேற்ப இளஞ்சிவப்பு நிறம் வரும். குழாயடியிலேயே இதைச் செய்துவிட வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துச் சென்று செய்தால் வழியிலேயே குளோரின் தேய்ந்து பொய்க் கணக்குக் காட்டும்.

நுண்ணுயிர்ச் சோதனைக்கோ நேர்மாறான சிக்கல். போத்தலில் குளோரின் மிச்சமிருந்தால், ஆய்வுக்கூடம் போகும் வழியெல்லாம் அது கிருமிகளைக் கொன்றுகொண்டே போகும். குடித்தவர் வயிற்றுக்குள் உயிரோடு போன கிருமி நம் தட்டில் செத்துக் கிடக்கும். "மாசு இல்லை" என்று எழுதிவிடுவோம். இதைத் தடுக்கவே நுண்ணுயிர்ப் போத்தலில் முன்கூட்டியே சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இடுகிறார்கள். அது குளோரினை உடனே முறித்துவிடும். விவரம் தெரியாத மாணவர்கள் அந்தப் போத்தலைச் "சுத்தமாக" மூன்று முறை கழுவி, மருந்தையும் சேர்த்துக் கொட்டிவிடுவது உண்டு. நான் அந்தத் தவற்றைச் செய்யவில்லை. என் தவறு வேறு.

இரண்டாம் முறை

என் முடிவுகளைப் பார்த்த மேற்பார்வையாளர் எண்களைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எந்தக் குழாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அங்கே யாராவது குடிக்கிறார்களா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுவாரம், பெரியம்மா எழுந்து அடுப்பு மூட்டும் முன்பே போய், அவர் வீட்டுக் குழாயின் முதல் நீரைப் பிடித்தேன். டி.பி.டி. மாத்திரை கரைந்தது, நிறமே வரவில்லை. ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் மட்டுமே தெரியும் ஒரு மங்கல். ஆய்வுக்கூடத்தில் மூன்று போத்தல்களிலும் கோலிஃபார்ம் வளர்ந்திருந்தது. ஒன்றில் இ. கோலியும் இருந்தது. 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூடக் காணக்கூடாது என்பது விதி. அது இருந்தால் மலக்கழிவு எங்கோ கலந்திருக்கிறது என்று பொருள். கட்டடப் பராமரிப்பாளரைக் கெஞ்சி மொட்டை மாடிக்குப் போனபோது காரணம் கண்முன்னே இருந்தது. தொட்டியின் மூடி பாதி உடைந்து, புறா எச்சம் விளிம்பில் காய்ந்திருந்தது. அடியில் விரல் தடிமனுக்குச் சேறு.

கீழே இறங்கி வந்தபோது பெரியம்மாதான் சொன்னார். எதிர்வீட்டுக் குழந்தைக்கு மூன்று நாள் வயிற்றுப்போக்கு; மருத்துவமனையில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, அப்போதுதான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அந்தத் தண்ணீரால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. எட்டு மாதக் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் வயது. தண்ணீரால் இல்லை என்றும் என்னால் நிரூபிக்க முடியாது. அந்தத் தாயிடம் போய், நான் சோதித்தது வேறு குழாய் என்று சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அப்போ இனிமே காய்ச்சணுமா?" என்று மட்டும் கேட்டார்.

என்னைப் போன்றவர்கள்

மாணவனின் சோம்பல் சிறிய விஷயம். பொறுப்பில் இருப்பவர்களும் இதையே செய்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சான்றுகள் உண்டு.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள வாக்கர்டன் ஏறத்தாழ 5,000 பேர் வாழும் சிற்றூர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெய்த கனமழையில், மாட்டுச் சாணத்திலிருந்த கொடிய வகை இ. கோலி ஊர்க் கிணற்றில் இறங்கியது. 7 பேர் இறந்தனர். சுமார் 2,300 பேர் நோயுற்றனர். நீதிபதி டென்னிஸ் ஓகானர் நடத்திய விசாரணையில் தெரியவந்தவற்றுள் என்னை உலுக்கியது ஒன்று. நீர் நிலையப் பணியாளர்கள் அளக்காத குளோரினுக்குப் பதிவேட்டில் எண் எழுதியிருந்தார்கள். ஓரிடத்தில் நிரப்பிய போத்தலில் வேறோர் இடத்தின் பெயரை எழுதி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியும் வந்திருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு நினைவில் வந்தது பழுதான அந்த மின்தூக்கிதான்.

மற்றொன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரம். 2014 ஏப்ரல் 25 அன்று, செலவைக் குறைக்கும் பொருட்டு, டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஏரி நீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். அந்நீர் குழாயை அரிக்கும் தன்மை கொண்டது. அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட் சேர்க்கப்படவில்லை. அரித்த இரும்பு குளோரினைத் தின்றது. அவ்வாண்டின் கோடையிலேயே நீரைக் காய்ச்சிக் குடிக்கும்படி அறிவிப்புகள் வந்தன. அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அந்த நீரைக் கைவிட்டது. எஞ்சினுக்கு ஆகாத நீரை மக்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள்.

பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வந்துகொண்டிருந்தபோதும் அதிகாரபூர்வச் சோதனை "வரம்புக்குள் உள்ளது" என்றே சொன்னது. அது எப்படி என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். மாதிரி எடுப்பதற்கு முந்திய இரவு குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிடும்படி வீட்டாருக்குக் கூறப்பட்டிருந்தது. அப்படிச் செய்தால் குழாயில் சேர்ந்திருந்த ஈயம் சோதனைக்கு முன்பே கழுவுண்டு போகும். அப்போதைய அமெரிக்க விதிப்படி, எடுத்த மாதிரிகளைச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, 90 விழுக்காட்டு இடத்தில் நிற்கும் அளவு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. 2015இல் எடுத்த 71 மாதிரிகளில் அந்த அளவு 18 ஆக இருந்தது. மிக அதிகமாகக் காட்டிய ஒன்று உட்பட இரண்டு மாதிரிகள் விதிக்குப் பொருந்தாதவை என்று நீக்கப்பட்டன. 11 ஆகக் குறைந்தது. எந்தப் போத்தலிலும் யாரும் கலப்படம் செய்யவில்லை. எந்தக் கருவியும் பிழையாக அளக்கவில்லை.

பின்னர் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸின் குழு மக்களிடமே போத்தல்களைக் கொடுத்தது. காலையின் முதல் நீரை அவர்களே பிடித்துத் தந்தார்கள். 90 விழுக்காட்டு அளவு 25ஐத் தாண்டியது. குழந்தை நல மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் குழந்தைகளின் இரத்தச் சோதனைகளை வெளியிட்டார். இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் விகிதம், நீர் மாற்றத்திற்குப் பின் 2.4 விழுக்காட்டிலிருந்து 4.9 ஆகியிருந்தது. அடுத்த மாதமே நகரம் பழைய நீருக்குத் திரும்பியது.

99 விழுக்காடு

ஆண்டறிக்கைகளில் "99 விழுக்காடு மாதிரிகள் தரமானவை" போன்ற வரிகளைக் காண்கிறோம். பாராட்டத்தக்கதுதான். ஆனால் மிஞ்சிய 1 விழுக்காடு எங்கே இருக்கிறது? ஊரெங்கும் சிதறிக் கிடக்கிறதா, ஆண்டுதோறும் அதே குழாய் முனையில், அதே மேட்டுக் குடியிருப்பில் வருகிறதா? சிதறிக் கிடந்தால் அது தற்செயல். ஒரே இடத்தில் வந்தால் அங்குள்ள குடும்பங்களுக்கு அது 1 விழுக்காடு அல்ல.

புள்ளியியல் பாடம் எடுத்தவர்கள் இதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வலையில் 100 குழாய்களுக்கு 5 கெட்டிருக்கின்றன என்று கொள்வோம். ஆங்காங்கே 10 குழாய்களைச் சோதித்தால், ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக ஏறக்குறைய 60 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 95 விழுக்காட்டு உறுதியோடு ஒன்றையாவது பிடிக்க 59 மாதிரிகள் வேண்டும். நான் எடுத்தவை மூன்று, அதுவும் ஒரே குழாயில்.

காலமும் ஒரு தடை. இ. கோலிச் சோதனைக்குச் சுமார் ஒரு நாள் ஆகும். முடிவு கைக்கு வரும்போது அந்த நீரை ஊர் குடித்து முடித்திருக்கும். இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியில் இறுதிச் சோதனையை மட்டும் நம்பியிராமல், ஆற்றிலிருந்து குழாய்முனை வரை எங்கெங்கே ஆபத்து நுழையக்கூடும் என்று முன்கூட்டியே கண்டு காவல் வைக்கும் நீர்ப் பாதுகாப்புத் திட்ட முறையை முன்வைத்தது. கலங்கல், குளோரின், குழாய் அழுத்தம் ஆகியவை நொடிக்கு நொடி தெரிந்துகொள்ளக் கூடியவை என்பதால் அவற்றுக்கு அதில் தனி இடம் உண்டு.

சில வேளைகளில் மனித மூக்கே காவல் கருவி. 2020 செப்டம்பரில் ராவாங் பகுதியில் ஆற்றில் கலந்த கழிவின் துர்நாற்றத்தால் சிலாங்கூர் ஆற்றை நம்பியிருந்த நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு நீர் நின்றது. வாடையை அளக்க, மணமற்ற நீரைச் சேர்த்துச் சேர்த்து மாதிரியை நீர்க்கச் செய்து, எத்தனை மடங்கில் வாடை மறைகிறது என்று முகர்ந்து பார்க்கிறார்கள். தண்ணீர் லோரிக்கு வரிசையில் நின்றவர்கள் எரிச்சலடைந்தது நியாயமே. வாளியோடு நானும் நின்றேன். எனினும் கெட்ட நீரை அனுப்பாமல் நிலையத்தை மூடியது சோதனை முறை வேலை செய்ததற்குச் சான்று என்பேன். ஆறு அந்த நிலைக்குப் போனது வேறு வழக்கு.

நீர் நின்று மீண்டும் வரும் நாளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். குழாய் காலியாகி அழுத்தம் இறங்கும்போது, விரிசல்கள் வழியே வெளியே உள்ள அழுக்கு நீர் உள்ளே உறிஞ்சப்படலாம். மலேசியாவில் சுத்திகரித்த நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வருவாயாகக் கணக்கில் சேராமல் போகிறது. அதில் பெரும்பகுதி கசிவு. நீர் வெளியே கசியும் துளை, அழுத்தம் இல்லாதபோது உள்ளே இழுக்கும் துளையும் ஆகும். முதலில் வரும் பழுப்பு நீரைக் கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்திவிட்டு, தெளிந்தபின் காய்ச்சிக் குடிப்பது நல்லது.

காய்ச்சுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அது கிருமியைக் கொல்லும். ஈயத்தைப் போக்காது, நீர் ஆவியாகக் குறைவதால் ஈயத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். பழைய கட்டடங்களில் இரவு முழுதும் தேங்கிய முதல் நீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைக் குடிக்கலாம். சோதனைக்கென்றால் அந்த முதல் நீரைத்தான் பிடிக்க வேண்டும். ஃபிளின்டில் இவ்விரண்டும்தான் தலைகீழாயின.

பெரியம்மாவின் அடுக்குமாடிக்கு வருவோம். என் இரண்டாம் அறிக்கையோடு நிர்வாகக் குழுவிடம் போனேன். தொட்டி கழுவப் பணமில்லை என்றார்கள். மூன்று மாதம் கழித்து, குடியிருப்பாளர்கள் வீட்டுக்குப் பத்து வெள்ளி போட்டு ஆள் வைத்துக் கழுவினார்கள். புதிய மூடியும் பூட்டும் வந்தன. காசு வசூலிக்க வீடு வீடாகப் போனவர்களில் எதிர்வீட்டுத் தாயும் ஒருவர். கழுவிய மறுநாள் 14 மாடி ஏறிப் போய்ச் சோதித்தேன். குளோரின் 0.4. இளஞ்சிவப்பு நிறத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். அடுப்பில் கெண்டி கொதித்துக்கொண்டிருந்தது.